மைதானத்துக்கு அனுப்பும் பிள்ளைக்கு யார் காவல்?

2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்திய அணியை வீழ்த்தி, சமரி அத்தபத்து தலைமையிலான இலங்கை அணி கிண்ணத்தைக் கைப்பற்றியது. பொருளாதார நெருக்கடியிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்த நாட்டுக்கு அந்த வெற்றி பெரும் ஆறுதலாக அமைந்தது. மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அதனைப் பார்த்த சிறுமிகளுள் சிலருக்கேனும் "நானும் ஒருநாள்" என்ற எண்ணம் துளிர்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அந்தச் சிறுமி மறுநாள் தாயிடம் வந்து, "அம்மா, நான் பயிற்சிக்குப் போகட்டுமா?" என்று கேட்டால் தாய் என்ன பதில் கூறுவது? இக்கேள்வியை எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆசியக் கிண்ணத்தை வென்ற அதே தேசிய அணி குறித்து, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வெளிவந்த ஒரு செய்தியும் அதனைத் தொடர்ந்த விசாரணையும் எழுப்பிய வினாக்களுக்கு இந்நாட்டின் விளையாட்டுத்துறை இன்னமும் முழுமையாகப் பதிலளிக்கவில்லை.

மறக்கப்பட்ட விசாரணை

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிங்கள நாளிதழ் ஒன்று அதிர்ச்சியூட்டும் குற்றச்சாட்டொன்றை வெளியிட்டது. மகளிர் தேசிய கிரிக்கெட் அணியில் இடம்பெறுவதற்கும், பெற்ற இடத்தைத் தக்கவைத்துக் கொள்வதற்கும் பாலியல் இணக்கம் விலையாகக் கேட்கப்படுகின்றது என்பதே அதன் சாரம். மஹிந்தானந்த அளுத்கமகே அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்தார். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் நிமல் திசாநாயக்க தலைமையில் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு மே மாதம் குழுவின் அறிக்கை புதிய விளையாட்டுத்துறை அமைச்சர் நவீன் திசாநாயக்கவிடம் கையளிக்கப்பட்டது. அணி நிர்வாகத்தைச் சேர்ந்த பலர் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியமைக்குச் சான்றுகள் இருப்பதாக அமைச்சே பகிரங்கமாக அறிவித்தது. சம்பந்தப்பட்டோர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் எனவும் அது கூறியது. பின்னர் கிரிக்கெட் நிர்வாகத்திலிருந்து சிலர் நீக்கப்பட்டனர்.

இங்கு கவனிக்க வேண்டிய சொல் "ஒழுக்காற்று" என்பதாகும். தாமதமாக வந்த ஊழியர் மீதும், கணக்கைச் சரியாக எழுதாத எழுதுவினைஞர் மீதும் எடுக்கப்படுவது ஒழுக்காற்று நடவடிக்கை. தேசிய அணியில் இடம் தருவதற்கு ஒரு பெண்ணின் உடலை விலையாகக் கேட்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும் குற்றம். குற்றத்தை நிர்வாகத் தவறாகச் சுருக்கிவிட்டால், செய்தவர் வேலையை இழப்பார். விளையாட்டு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அடுத்த தலைமுறை வீராங்கனைக்கு மட்டும் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது.

விசாரணை தொடங்கியபோது பொறுப்பிலிருந்த அமைச்சர் கண்டி மாவட்டத்தையும், அறிக்கையைப் பெற்றுக்கொண்ட அமைச்சர் நுவரெலியா மாவட்டத்தையும் சேர்ந்த அரசியல்வாதிகள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னவர் அதே ஆண்டில் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். ஆகவே இது கொழும்பின் பிரச்சினை, மலையகத்துக்கு எட்டாத பிரச்சினை என்று மலையக அரசியல் தலைமைகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

வேலியே பயிரை மேயும் களம்

பாலியல் வன்முறை எங்கும் நிகழ்கின்றது. ஆயினும் விளையாட்டுத்துறையில் அதற்கு வாய்ப்பளிக்கும் சில தனித்தன்மைகள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. பரீட்சையில் ஒரு மாணவி பெறும் புள்ளியை மீளத் திருத்தக் கோரலாம். அணித் தெரிவிலோ பயிற்றுவிப்பாளரின் ஒரு சொல்லே பெரும்பாலும் முடிவாகின்றது. ஏன் நீக்கப்பட்டேன் என்று கேட்கும் பிள்ளைக்கு "உனது உடற்தகுதி போதாது" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

தொடுகையும் இத்துறையில் இயல்பானது. உடலைத் திருத்தி நிறுத்துவதற்கும், தசைப்பிடிப்பை நீக்குவதற்கும், காயத்துக்கு மருந்திடுவதற்கும் பிள்ளையின் உடலைத் தொட நேரிடுகின்றது. எது சிகிச்சை, எது அத்துமீறல் என்று 12 வயதுப் பிள்ளைக்குப் பிரித்தறிவது எளிதன்று. அதிகாலைப் பயிற்சி, வெளியூர்ப் பயணம், விடுதித் தங்கல் ஆகியன பெற்றோரின் பார்வைக்கு அப்பால் நடப்பவை. இவற்றுக்கெல்லாம் மேலாக, குரு சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்பவரே நல்ல சீடர் என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பித்து அனுப்புகின்றோம்.

அமெரிக்காவில் இவை அனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தன. அந்நாட்டின் ஜிம்னாஸ்டிக் அணி வைத்தியராக இருந்த லரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் பெண்களையும் துஷ்பிரயோகம் செய்தார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராகத் தமது துயரை எடுத்துரைத்தனர். 40 முதல் 175 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. உலகின் வல்லமை மிக்க புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ.க்கு 2015 ஜூலையிலேயே முறைப்பாடு கிடைத்திருந்தும், 2016 செப்டெம்பரில் பத்திரிகை ஒன்று பகிரங்கப்படுத்தும் வரை அவரது கொடுமை தொடர்ந்தது. சில சிறுமிகளின் பெற்றோர் அதே அறையில் இருந்தும் நடப்பது என்னவென்று அறியவில்லை. முறைப்பாடு இல்லாததனால் அல்ல, முறைப்பாட்டைக் கேட்க ஆளில்லாததனாலேயே குற்றவாளி நீடித்தார் என்பதே இவ்வழக்கின் பாடம்.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவமும் இதையே கூறுகின்றது. மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷன் சரண் சிங்குக்கு எதிராக 2023 ஜனவரியில் வினேஷ் போகட், சாக்ஷி மலிக் உள்ளிட்டோர் டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். பொலிஸார் வழக்குப் பதிவு செய்வதற்கே உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. சட்டப்படி இருந்திருக்க வேண்டிய முறையான உள்ளக முறைப்பாட்டுக் குழு அச்சம்மேளனத்தில் இருக்கவில்லை என்பதும் அப்போது வெளிப்பட்டது. 2023 மே 28ஆம் திகதி அவர்கள் வீதியில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. குற்றச்சாட்டுகளை மறுத்துவரும் பிரிஜ் பூஷன் மீது 2024 மே மாதம் டில்லி நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. வயது குறைந்த வீராங்கனை ஒருவர் தொடர்பான வழக்கு மட்டும் 2025 மே மாதம் முடித்து வைக்கப்பட்டது. தீர்ப்பை நீதிமன்றம் வழங்கட்டும். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற சாக்ஷி மலிக்கே தனது குரல் கேட்கப்படுவதற்கு வீதியில் இறங்க வேண்டியிருந்தது எனில், வலய மட்டப் போட்டிக்குத் தயாராகும் ஒரு தோட்டத்துச் சிறுமியின் குரல் எங்கே கேட்கும் என்பதே எமது கவலை.

இது சிறுமிகளுக்கு மட்டும் உரிய ஆபத்துமன்று. 1970 முதல் 2005 வரை இங்கிலாந்தின் கால்பந்தாட்டத் துறையில் நிகழ்ந்த சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி 2021 மார்ச்சில் வெளியான சுயாதீன அறிக்கை, குறைந்தது 692 பேர் பாதிக்கப்பட்டதாகக் கூறியது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஆண் பிள்ளைகள். "ஆண் பிள்ளைதானே" என்ற நமது அலட்சியத்தை இந்த எண்ணிக்கை கேள்விக்குள்ளாக்குகின்றது.

மலையகத்தின் விசேட நிலை

மலையகத்தில் திறமைக்குக் குறைவில்லை. குளிரிலும் மேட்டிலும் நாள்தோறும் நடந்து பாடசாலை செல்லும் பிள்ளைகளின் நுரையீரல் வலிமையை எந்தப் பயிற்சி நிலையத்திலும் விலைக்கு வாங்க முடியாது. மலையகத்தைச் சேர்ந்த குமார் சண்முகேஸ்வரன் நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் முன்னணிக்கு வந்தது இதற்குச் சான்றாகும். ஆனால் அந்தத் திறமை வெளிப்படும் வழி மிகவும் ஒடுங்கியது. நோர்வூட், ராதெல்ல, தரவளை போன்ற மைதானங்கள் ஒருசில. பல தோட்டப் பாடசாலைகளுக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஆகவே பயிற்சி என்றாலே பயணம். மாகாணப் போட்டி எனின் கண்டிக்கும், தேசியப் போட்டி எனின் கொழும்புக்கும் சென்று இரவு தங்க வேண்டும். தாயோ காலையில் கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டியவள். பிள்ளையுடன் கூடச் செல்ல முடியாது. தந்தை கொழும்பிலும், தாய் மத்திய கிழக்கிலுமாக, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் ஏராளம்.

வறுமை மற்றுமொரு வாசலைத் திறந்துவிடுகின்றது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும், ஓட்டத்துக்குரிய தரமான காலணி ஒரு சோடியின் விலை தொழிலாளியின் பல நாள் உழைப்பாகவே இருக்கின்றது. அந்தக் காலணியை, பஸ் கட்டணத்தை, போட்டி நாளின் உணவைத் தமது கைப்பணத்தில் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்களும் பயிற்றுவிப்பாளர்களும் மலையகத்தில் பலர் உள்ளனர். அவர்களது தியாகத்தாலேயே இங்கு விளையாட்டு உயிர் வாழ்கின்றது. அவர்களுக்கு இச்சமூகம் கடமைப்பட்டுள்ளது. ஆயின் அதே உதவியைத் தூண்டிலாகப் பயன்படுத்தும் ஒருவரையும், உள்ளன்போடு செய்பவரையும் வெளித்தோற்றத்தில் வேறுபடுத்த முடியாது. குடும்பம் முழுவதும் நன்றியுணர்வால் கட்டுண்ட பின்னர், "அந்த சேரைப் பற்றியா இப்படிச் சொல்கிறாய்?" என்ற ஒரு கேள்வியே பிள்ளையின் வாயை அடைத்துவிடப் போதுமானது. நல்ல ஆசிரியரைச் சந்தேகத்திலிருந்து காப்பதற்கும் தெளிவான விதிமுறைகளே தேவை.

பிள்ளை துணிந்து சொன்னாலும் அடுத்து நடப்பது என்ன? விடயம் தோட்டத் தலைவரிடமோ, தொழிற்சங்கப் பிரமுகரிடமோ, கோயில் பரிபாலன சபையிடமோ, நகரமாயின் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ செல்கின்றது. "பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும்", "பாடசாலையின் பெயர் கெட்டுவிடும்" என்ற அறிவுரையோடு சமரசம் பேசப்படுகின்றது. குற்றம் சாட்டப்பட்டவர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அதாவது, ஆபத்து இன்னொரு தோட்டத்துப் பிள்ளையிடம் அனுப்பி வைக்கப்படுகின்றது. பொலிஸ் நிலையத்துக்குச் செல்லத் துணிபவர்கள்கூட, தமது மொழியில் முறைப்பாட்டைப் பதிவு செய்ய அதிகாரி இல்லாத நிலையை எதிர்கொள்ள நேரிடுகின்றது. தான் சொல்வது எந்தச் சொற்களில் எழுதப்படுகின்றது என்று அறியாமலே ஒரு தாய் கையொப்பமிடுவது நீதியின் தொடக்கமாக இருக்க முடியாது.

சட்டம் எங்கே நிற்கின்றது?

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் மாற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, அதிகாரத்திலுள்ள ஒருவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலும் செயலாலும் மேற்கொள்ளும் விரும்பத்தகாத பாலியல் அணுகல்களையும் பாலியல் துன்புறுத்தலாகக் கொள்கின்றது. இதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கு 20 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். பெண்களுக்கென 1938 என்ற இலக்கமும் உள்ளது.

ஆனால் இவை அனைத்தும் குற்றம் நிகழ்ந்த பின்னர் செயற்படுபவை. நிகழாமல் தடுக்க வேண்டிய பொறுப்பு விளையாட்டு நிர்வாகத்துடையது. அந்நிர்வாகம் எதற்கு முக்கியத்துவம் அளித்துள்ளது என்று பார்த்தால் வியப்பே மேலிடுகின்றது. ஊக்கமருந்துப் பாவனையைத் தடுக்க 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும் தனியான முகவரகமும் உள்ளன. ஆட்ட நிர்ணய மோசடியைத் தடுக்க 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கும் அச்சட்டம் தெற்காசியாவுக்கே முன்னுதாரணம் எனப் பாராட்டப்பட்டது. துஷ்பிரயோக முறைப்பாடுகளைப் பொறுப்பேற்பதற்கு இவற்றுக்கு நிகரான சுயாதீன அமைப்பு எதுவும் விளையாட்டுத்துறையில் உருவாக்கப்படவில்லை. வீராங்கனையின் சிறுநீர் மாதிரி கலப்படமற்றதா என்று பார்க்க நாட்டில் முகவரகம் உண்டு. ஓட்டங்களின் எண்ணிக்கை நேர்மையானதா என்று பார்க்க சட்டம் உண்டு. அவளது உடல் பாதுகாப்பாக உள்ளதா என்று பார்க்க எவருமில்லை.

பிற நாடுகள் தமது தவறுகளிலிருந்து கற்றுள்ளன. தென்கொரியாவின் ஒலிம்பிக் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை ஷிம் சுக்-ஹீ 2019 ஜனவரியில் தனது முன்னாள் பயிற்றுவிப்பாளருக்கு எதிராகப் பகிரங்கமாக முறையிட்டார். அப்பயிற்றுவிப்பாளர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு அந்நாட்டில் விளையாட்டு ஒழுக்கநெறி நிலையம் திறக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில், இலங்கையின் முன்னாள் டெஸ்ட் வீரரான துலிப் சமரவீர, மகளிர் அணிப் பயிற்றுவிப்பாளராக இருந்தபோது ஒரு வீராங்கனையைத் தம் ஆதிக்கத்தில் வைத்து அடக்கியாண்டதாகக் கண்டறியப்பட்டு, 2024 செப்டெம்பரில் 20 ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டார். அங்கு முறைப்பாட்டைக் கேட்கவும் தீர்ப்பளிக்கவும் ஒரு கட்டமைப்பு இருந்தது. இங்கு அத்தகைய கட்டமைப்பு இல்லை.

வீட்டில் இருத்துவது தீர்வாகுமா?

இவற்றையெல்லாம் படிக்கும் பெற்றோர், "அப்படியானால் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதே மேல்" என்று எண்ணக்கூடும். மலையக நகரங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களிலும், தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களிலும் பருவமடைந்த மகளின் விளையாட்டு பெரும்பாலும் இந்த அச்சத்தாலேயே முடிவுக்கு வருகின்றது. ஆடை, நேரம், ஆண்களுடன் பழகுதல் பற்றிய பெற்றோரின் கரிசனை மதிக்கப்பட வேண்டியது. ஆனால் அந்த வழி எங்கு சென்று முடியும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் ஓர் எடுத்துக்காட்டு.

அந்நாட்டின் கால்பந்தாட்ட சம்மேளனத் தலைவராக இருந்த கெராமுதீன் கரீம், தேசிய மகளிர் அணி வீராங்கனைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தமைக்காக 2019 ஜூனில் பீபாவினால் வாழ்நாள் தடைக்கு உள்ளானார். சமூகத்தின் பழிக்கு அஞ்சி அந்தப் பெண்கள் நீண்டகாலம் மௌனமாக இருந்தனர். 2021 ஓகஸ்டில் தலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அங்கு பெண்களுக்கு விளையாட்டே மறுக்கப்பட்டது. முதலில் குற்றவாளியினாலும், பின்னர் தடையினாலும் தண்டிக்கப்பட்டவர்கள் அதே பெண்களே. தடை எந்தக் குற்றவாளியையும் தண்டிப்பதில்லை. வீட்டு வேலைக்கென வெளியூர் அனுப்பப்பட்ட மலையகச் சிறுவர்களுக்கு நேர்ந்தவற்றை அறிந்த நமக்கு, மூடிய கதவும் பாதுகாப்பைத் தருவதில்லை என்பது தெரியும்.

செய்ய வேண்டியவை

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிடும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. பிள்ளைகளைப் பாதுகாக்கும் எழுத்து மூலமான கொள்கையும், முறைப்பாட்டை ஏற்கும் அலுவலரும் இல்லாத சங்கத்துக்குப் பதிவும் நிதியும் இல்லை என்று ஒரு விதியைக் கொண்டுவந்தால், சங்கங்கள் விரைவாகவே விழித்துக்கொள்ளும்.

முறைப்பாட்டை விசாரிப்பவர்கள் அந்தச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும். குற்றம் எனத் தோன்றும் எதுவும் உடனடியாகப் பொலிஸாருக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவிக்கப்பட வேண்டும். இடமாற்றத்தை ஒரு தீர்வாக ஏற்கக் கூடாது. நீக்கப்பட்ட ஒருவர் வேறொரு பாடசாலையிலோ கழகத்திலோ மீண்டும் சேராதிருக்க, பயிற்றுவிப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு அவசியம்.

மலையகத்தில் வலயக் கல்விப் பணிமனைகளும் பாடசாலை அதிபர்களும் நாளையே நடைமுறைப்படுத்தக்கூடிய எளிய விதிகள் உள்ளன. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கலாகாது. பெண் பிள்ளைகள் செல்லும் எந்தப் பயணத்திலும் ஓர் ஆசிரியையோ தாயோ உடன் செல்ல வேண்டும். காயத்துக்கான சிகிச்சை திறந்த அறையில், இன்னொரு பெரியவர் முன்னிலையில் நடைபெற வேண்டும். பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையில் இரவில் கைத்தொலைபேசிச் செய்தி அனுப்புவது தடை செய்யப்பட வேண்டும். காலணியும் பயணச் செலவும் தனிநபரின் கையிலிருந்து வராமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக வழங்கப்பட வேண்டும். அணித் தெரிவின் காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். இவ்விதிகள் தமிழில் அச்சிடப்பட்டு, பெற்றோருக்கு வாசித்து விளக்கப்பட வேண்டும்.

தொழிற்சங்கங்களும் கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும் ஒரு வாக்குறுதியை அளிக்க வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களில் சமரசம் பேசுவதில்லை என்பதே அது. சம்பளத்துக்காக வீதியில் இறங்கத் தெரிந்த சங்கங்களுக்கு, தமிழ் பேசும் பெண் பொலிஸ் அதிகாரிகளை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நியமிக்குமாறு வற்புறுத்துவது இயலாத காரியமன்று. பெண் பயிற்றுவிப்பாளர்களை உருவாக்குவதும் அவசியம். இன்று ஓடும் சிறுமி நாளை பயிற்றுவிப்பாளராக வந்தால், அதற்குப் பின் வரும் பிள்ளைகளின் தாய்மாரது அச்சம் பாதியாகக் குறையும்.

பெற்றோரின் பங்கு எளியது. ஆயினும் அதுவே முதன்மையானது. பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லும் முதல் வார்த்தையை நம்புங்கள். பயிற்சிக்குச் செல்ல ஆவலாக இருந்த பிள்ளை திடீரென மறுத்தால், திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். மானம் போவது குற்றம் செய்தவனுடையது. பிள்ளையினுடையது அன்று என்பதை வீட்டுக்குள் முதலில் உறுதியாகச் சொல்லுங்கள்.

200 ஆண்டுகள் உழைத்தும் உரிமைகள் பலவற்றுக்காக இன்னும் போராடும் சமூகத்தின் பிள்ளைகளுக்கு, கல்வியைப் போலவே விளையாட்டும் லயத்திலிருந்து வெளியேறும் ஒரு பாதை. அந்தப் பாதையில் அவர்கள் பணயம் வைக்க வேண்டியது தமது உழைப்பை மட்டுமே. "பயிற்சிக்குப் போகட்டுமா?" என்று கேட்கும் மகளிடம், "போய் வா மகளே" என்று ஒரு தாய் நெஞ்சில் பாரமின்றிச் சொல்லக்கூடிய நாளை உருவாக்குவது அரசினதும் சங்கங்களினதும் சமூகத்தினதும் கடமையாகும். 2015இல் கிடைத்த அறிக்கை அந்தக் கடமையை எமக்கு ஏற்கனவே நினைவூட்டியது. இன்னொரு அறிக்கைக்குத் தேவை ஏற்படும் வரை காத்திருக்கலாகாது.